ஒற்றைச் சுவரில் முளைத்த அறைகள்

அந்தக் குடியிருப்பில் குழந்தை பிறந்தால் வீட்டில் ஓர் அறை முளைக்கும். முதலில் சுவரில் ஓரிடம் லேசாகச் சிவந்து வீங்கும். கை வைத்தால் சுடும். சில நாளில் அந்த இடத்துச் சுண்ணாம்பு உதிர்ந்து நிலைச்சட்டத்தின் விளிம்பு தெரியும். குழந்தைக்குத் தலை நிற்பதற்குள் கதவு முழுதாக வந்துவிடும். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ஜன்னல், ஒரு மாடம், மேலே விளக்கு மாட்ட ஒரு கொக்கி. தொடக்கத்தில் தொட்டில் போடும் அளவுக்குத்தான் இடம் இருக்கும். பிள்ளை வளர வளர அறையும் வளரும், ஜன்னலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். இதற்காக யாரும் ஒரு கூடை மணல்கூட வாங்க வேண்டியதில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் வராது. அதை நாமே கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

குடியிருப்பு வருவதற்கு முன் அங்கே செங்கல் சூளை இருந்தது. சூளை நஷ்டத்தில் மூடிய பிறகு, அச்சகத் தொழிலாளர்களின் வீட்டுச் சங்கம் அந்த மேட்டு நிலத்தை வாங்கியது. மிச்சமிருந்த மண்ணையே அறுத்து, அங்கேயே சுட்டு, அந்தச் செங்கல்லிலேயே வீடுகளைக் கட்டி, மிஞ்சியவற்றை வெளியாட்களுக்கும் விற்றார்கள். எல்லா வீடும் ஒரே அச்சு: ஒரு கூடம், ஓர் அடுப்படி, பின்னால் குளிக்கும் இடம். முதல் அறை முதல் தெருவில் ஒரு பஸ் டிரைவர் வீட்டில் முளைத்தது. அது எந்த ஆண்டு என்பதில் ஒத்த கருத்து இல்லை. குழாய் வருவதற்கு முன் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். அந்த டிரைவர், வீட்டுச் சங்கத்தின் செயலாளரைக் கையில் போட்டுக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிட்டார் என்றுதான் மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். புகார் சொல்லப் போனவரின் வீட்டிலேயே அடுத்த மாதம் ஒன்று முளைத்ததும் பேச்சு அடங்கியது. நகராட்சிக்கும் வேறு வழி தெரியவில்லை. கொஞ்ச காலம் கழித்துப் பிறப்புச் சான்றிதழையும் கட்டட அனுமதியையும் ஒரே ஜன்னலில் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அப்படித்தான் அந்த இடம் வளர்ந்தது. வீடுகளுக்கு நடுவே விட்டிருந்த சந்துகள் முதலில் மறைந்தன. குப்பை வண்டி உள்ளே வர முடியாமல் தெருமுனையில் நின்று மணியடித்தது. விளையாட்டுத் திடலின் ஓரம் இருந்த வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்த வருடம், திடலின் ஒரு மூலை அந்த வீட்டோடு போயிற்று. தரகர்கள் புதிதாகக் கல்யாணமானவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். வாடகை ஏறியது, பஸ் நிறுத்தம் வந்தது, மருந்துக்கடை வந்தது, கடைசியில் ஒரு வங்கிக் கிளையும் வந்தது. குழந்தை இல்லாத வீடுகள் கட்டிய அன்று இருந்தபடியே நின்றன. அதைப் பற்றி யாரும் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. சொல்லாமலே அந்த வீட்டுக்காரர்கள் பகலிலும் வாசல் கதவைச் சாத்தி வைக்கப் பழகினார்கள்.

ஆறாவது தெருதான் கடைசி. அதற்கு வருவதற்குள் ஒப்பந்தக்காரருக்குச் செங்கல் தீர்ந்துபோனது. மற்ற வீடுகளில் வீட்டுக்கு வீடு தனிச் சுவர் எழுப்பி நடுவில் சந்து விட்டவர், கடைசி இரண்டு வீடுகளையும் ஒட்டவைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவரை எழுப்பிவிட்டுப் போனார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த இரண்டில் ஒன்றில் தராசு இருந்தார். கடைகளின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், ஒண்டிக்கட்டை. தக்காளி வாங்கினால்கூட இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்து எடை பார்ப்பார் என்பதால் அந்தப் பெயர். மற்றொன்றில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவரும் அவர் மனைவியும் குடிவந்தார்கள். அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். யாருடைய வாய்க்கோ போகப்போகிற பற்களை நாள் முழுக்கத் தேய்த்து மெருகேற்றுவது அவள் வேலை. தெருவில் எல்லாருக்கும் அவள் பல்லுக்காரி. குடிவந்த மறு வருடம் அவளுக்குப் பெண் பிறந்தது. சுவர் சிவக்கக் காத்திருந்தார்கள். சிவக்கவில்லை. லிஃப்ட்காரர் தினமும் வேலைக்குப் போகும்முன் நான்கு சுவரையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். குழந்தைக்குத் தலை நின்றது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் தராசு வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றாமலே, "ஏம்மா, உங்க ரூம் ஒண்ணு எங்க வீட்ல வந்திருக்கு போல," என்றார்.

போய்ப் பார்த்தார்கள். பொதுச் சுவரில், தராசின் பக்கத்தில், நல்ல தேக்கு நிறத்தில் ஒரு கதவு இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அதைத் திறந்தால் பல்லுக்காரியின் கூடம்தான் வரவேண்டும். அறை வந்தது. சுவரின் கனம் ஒரு செங்கல்தான்; அதற்குள்ளேயே அறை இருந்தது. ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. தெருவில் நின்று பார்த்தால் ஜன்னல் தெரியவில்லை. திரும்பித் தன் கூடத்துக்கு வந்து அதே இடத்தைத் தட்டிப் பார்த்தாள். வெறும் சுவர்.

சங்கம் ஒரு கொத்தனாரை அனுப்பியது. அவர் இரண்டு வீட்டிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "வீடு குழந்தை அழுற சத்தத்தைக் கேட்டுத்தான் முளைக்குது. இங்க நடுவுல ஒரே செவுரு. சத்தம் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வெளிய வருது. கதவும் கூடவே வந்துருச்சு. வேற என்ன?" என்றார். சுவரை உடைக்கலாமா என்று லிஃப்ட்காரர் கேட்டார். கொத்தனார் தலையாட்டிக்கொண்டே உளியை எடுத்து, ஒரு செங்கல்லை மட்டும் பெயர்த்தார். ஓட்டை வழியே தராசு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது தெரிந்தது.

"என்னம்மா?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் பல்லுக்காரி.

அதற்குள் அறையின் கூரை ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. செங்கல்லைத் திரும்பவும் பூசி அடைத்த பிறகும் அது ஏறவில்லை. சுவரில்தான் அறை காய்த்திருக்கிறது, சுவரில் கை வைத்தால் அறை போய்விடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டு, கூலியை மட்டும் குறைக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

பல்லுக்காரி கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தன் அடுப்படியிலிருந்து தன் பிள்ளை தூங்கும் இடத்துக்குத் தெருவில் இறங்காமல் போகவேண்டும். அவ்வளவுதான். அந்தக் குடியிருப்பில் மற்ற எல்லா அம்மாக்களுக்கும் அது கேட்காமலே கிடைத்திருந்தது. இவள் அடுப்பை அணைத்து, வாசல் கதவைப் பூட்டி, தெருவில் இறங்கி, தராசின் கேட்டைத் தட்டி, "வரலாமா சார்?" என்று கேட்டு, அவர் கூடத்தைக் கடந்துபோய்த்தான் குழந்தைக்குப் போர்வை போர்த்த முடிந்தது. தராசு ஒருநாளும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்கவேண்டும் என்று எதிர்பார்த்தார். கேட்காமல் போனால் முகம் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் அறையை அளந்து பார்த்துவிட்டு, கதவு யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்கே அறை சொந்தம் என்று எழுதி, தராசின் வீட்டுவரியை ஏற்றிவிட்டுப் போனார். பிறகு, அறை முளைக்கக் காரணமானவர்கள் என்பதால் பல்லுக்காரி வீட்டுக்கும் ஓர் அபராத நோட்டீஸ் வந்தது. லிஃப்ட்காரர் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒரு மேசையில் அறை இல்லை என்பதற்குச் சான்று கேட்டார்கள். இன்னொரு மேசையில் அறை இருக்கிறது என்பதற்குச் சான்று கேட்டார்கள். அவர் நாள் முழுக்க மற்றவர்கள் ஏறி இறங்க லிஃப்டைச் சரிசெய்துவிட்டு வருகிறவர். தன் வேலைக்காக மட்டும் மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று வீட்டில் வந்து கத்தினார். அந்தப் பக்கம் தராசு, "வரி கட்றது நான். ஆனா ரூமுக்குள்ள ஒரு நாற்காலி போட்டு உக்காரக்கூட எனக்கு இடமில்ல. நான் கேட்டேனா இதை?" என்று தன் வாசலில் நின்று கத்தினார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதனால் தெருவில் யாரும் எந்தப் பக்கமும் பேசவில்லை.

இரண்டாவதாகப் பிறந்தது பையன். அவன் அறையும் அங்கேதான் போய் முளைத்தது. இந்த முறை பல்லுக்காரி ஒரு முன்னேற்பாடு செய்திருந்தாள்: குழந்தை அழ ஆரம்பித்தால் உடனே அவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சுவரிடம் ஓடி, அந்தச் சுவருக்குக் கேட்கும்படி அழவிடுவாள். பின்பக்கச் சுவர் ஒரு வாரம் லேசாகச் சூடானது. பிறகு ஆறிவிட்டது. தராசு வந்து வாசலில் நின்றார். இந்தத் தடவை அவர் கையை மட்டும் பின்னால், தன் வீட்டுப் பக்கம் காட்டினார்.

மூன்றாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மருந்துக்கடைக்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னவர்: இரண்டு வீட்டையும் மாற்றிக்கொண்டால் என்ன? இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். தராசு ஒரு வாரம் யோசித்தார். தன் வீட்டு ஜன்னலில் காலை வெயில் வரும், அந்த வீட்டில் வராது என்றார். பல்லுக்காரி அவர் கேட்டருகே போய் நின்றாள். "சார், வெயில் வேணும்னா தெனமும் காலையில என் வீட்டு வாசல்ல உக்காருங்க, டீ போட்டுத் தரேன். இந்தப் பசங்க ரூமை மட்டும் குடுங்க," என்றாள். அவள் குரல் உடைந்ததைக் கேட்டோ, டீயை நினைத்தோ, அவர் சரி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே சேர்ந்து சாமான்களை மாற்றியது. கட்டில் அந்தப் பக்கம் போனது, தராசின் நாற்காலியும் பேப்பர் கட்டும் இந்தப் பக்கம் வந்தன. கடைசியாகப் பல்லுக்காரி அரிசி டப்பாவோடு புது வீட்டின் படியேறினாள். அவள் உள்ளே கால் வைத்தபோது பெரியவள் கையில் தலையணையோடு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அங்கே கதவுகள் இல்லை. நேற்றுப் பூசியதுபோல வழவழவென்று சுவர் இருந்தது. லிஃப்ட்காரர் நான்கு சுவரையும் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து தராசின் குரல் கேட்டது.

"இங்க வந்துருச்சும்மா."

அரிசி டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு அவள் அந்தச் சுவரைக் கையால் அறைந்தாள். கை வலிக்கும்வரை அறைந்தாள். லிஃப்ட்காரர் தடுக்கவில்லை. சாமான் தூக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்கள். மறுநாள் அந்தச் சாமான்கள் எல்லாவற்றையும் திரும்ப மாற்றினார்கள். இந்தத் தடவை உதவிக்கு வந்தவர்கள் குறைவு. இவள் பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் கதவுகள் மறுபடி தராசின் பக்கம் போய் நின்றன. அவள் எந்தப் பக்கம் இருக்கிறாளோ அதற்கு மறுபக்கம்தான் அவள் பிள்ளைகளின் கதவு வரும் என்பது அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது, தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்பதைப் போல. மூன்றாவது அறை எங்கே முளைத்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அதன்பிறகு பல வருடம் அப்படியே ஓடியது. பிள்ளைகள் மூன்று பேரும் இந்த வீட்டில் சாப்பிட்டு அந்த வீட்டில் தூங்கினார்கள். மழைக்காலத்தில் குடையோடு தூங்கப் போனார்கள். இருட்டியதும் தராசு கேட்டைப் பூட்டிவிடுவார் என்பதால், பல்லுக்காரி வீட்டில் மட்டும் தெருவில் எல்லாருக்கும் முன்பே சாப்பாடு முடியும். காய்ச்சல் என்றால் மட்டும் சாவி பல்லுக்காரியிடம் இருக்கும். சுவரில் கரண்டியால் தட்டினால் சாப்பாடு ரெடி என்று அர்த்தம். பதிலுக்குத் தட்டாவிட்டால் காதில் விழவில்லை என்றும் அர்த்தம், எழுந்திருக்க மனமில்லை என்றும் அர்த்தம். பல் செட் கூடத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் அவளிடம், "பசங்க தனி வீட்லயா இருக்காங்க? குடுத்து வெச்சவங்கப்பா நீங்க," என்பார்கள். அவள் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவாள். தராசும் மாறியிருந்தார். பிள்ளைகள் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு லீவு நாளில் அவர் தானாக வந்து, "எப்பம்மா வருவாங்க? சத்தமே இல்ல. தூக்கம் வரமாட்டேங்குது," என்றார். ஆனாலும் கேட்டைப் பூட்டுவதை விடவில்லை.

அவருக்கு முழங்கால் போனபோது அக்கா மகன் வந்து அழைத்துக்கொண்டு போனான். போவதற்கு முன் மூன்று கதவுகளின் கீலுக்கும் எண்ணெய் விட்டார். வீட்டை அக்கா மகன் விற்றான். அதற்குள் குடியிருப்பின் முகமே மாறியிருந்தது. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன வீடுகளில் அறைகள் பூட்டிக் கிடந்தன. அவற்றை இடித்து மாடி மாடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது அடுக்குமாடிகளின் சிமெண்டுக் கல்லில் எதுவும் முளைக்காது. எத்தனை அறை என்பதை முன்கூட்டியே முடிவு செய்துதான் விற்றார்கள். தராசின் வீட்டை வாங்கிய கட்டுமானக்காரர் இரண்டே நாளில் அதைத் தரைமட்டமாக்கினார். பொதுச் சுவரை மட்டும் தொட முடியவில்லை, பாதி பல்லுக்காரியுடையது. மூன்று கதவுகளோடு அது வெட்டவெளியைப் பார்த்து நின்றது. கட்டுமானக்காரர் கதவுகளின் மேல் சிமெண்டு பூசினார். காலையில் பூச்சு மொத்தமும் தரையில் கிடந்தது. மூன்றாவதாகப் பிறந்த சின்னவள் அதை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

அவர் கெட்டவர் இல்லை. ஒருநாள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். இந்த வீட்டையும் கொடுத்துவிட்டால், அதற்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில், அந்தச் சுவருக்கு நேர் எதிரே ஒரு ஃப்ளாட் தருவதாகச் சொன்னார். சுவரை அப்படியே விட்டுவிடுவேன், கதவைத் திறந்தால் பிள்ளைகள் அறை என்றார். லிஃப்ட்காரரின் கண் விரிந்தது.

"லிஃப்ட் இருக்குடி," என்றார் மனைவியிடம் மெதுவாக.

"கீழ்த்தளத்துல எதுக்கு லிஃப்ட்?"

"இருந்தா என்ன? சும்மா ஏறி இறங்கலாம்."

பல்லுக்காரி கட்டுமானக்காரரிடம் திரும்பினாள். "தம்பி, நான் அங்க வந்தா கதவு இங்க வந்துரும். நான் இங்க இருக்கிற வரைக்கும்தான் அது அங்க இருக்கும். அதுக்கு நான் இங்கயே இருந்துக்கிறேன்," என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அடுக்குமாடி எழும்பியது. லிஃப்ட்காரருக்கு அங்கேயே லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அது அடிக்கடி நின்றுபோனதால் அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார். சுவரை ஒட்டிய இடத்தை வண்டி நிறுத்துமிடமாக்கினார்கள். வெள்ளைக் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு கார் வந்து நின்றது. மூன்றாவது கதவுக்கு எதிரே நிற்கும் காரின் சொந்தக்காரர் ஒருமுறைகூடக் கோட்டுக்குள் சரியாக நிறுத்தியதில்லை. சங்கத்தில் சொல்லியாயிற்று, எழுதியும் கொடுத்தாயிற்று. அவர் வருத்தம் தெரிவித்துவிட்டு மறுநாளும் அப்படியேதான் நிறுத்துவார்.

பெரியவள் வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போனாள்; பையனும் போய்விட்டான். சின்னவள் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று மாலையில் அறைக்குள் போனால், எத்தனை தட்டினாலும் பதில் வராது. பல்லுக்காரி சோற்றைத் தட்டில் போட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவாள். அடுக்குமாடியில் காவலாளிகள் நிலைப்பதில்லை. ஒவ்வொரு புது ஆளுக்கும் முதலிலிருந்து சொல்லவேண்டும். அன்றைக்கும் புது ஆள்தான்.

"யாரைப் பாக்கணும்மா?"

"என் பொண்ணை."

"எந்த ஃப்ளாட்டு?"

"ஃப்ளாட் இல்லப்பா. செவுத்துல மூணாவது கதவு."

அவன் சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நீங்க இங்க குடியிருக்கிறவங்களா, வெளியாளா? அதைச் சொன்னாத்தான் உள்ள விடணும்னு சொல்லியிருக்காங்க."

இதை எல்லாக் காவலாளிகளும் கேட்டிருக்கிறார்கள். அவளும் இரண்டு பதிலையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும்.

"சோறு ஆறுது. வழியை விடு," என்றாள்.

அவன் தடுப்புக்கம்பைத் தூக்கினான். அவள் கார்களுக்கு நடுவே நடந்து, கடைசிக் காரிடம் வந்ததும் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில் நுழைந்து கதவைத் தட்டினாள். கார் விட்ட அளவுக்குத்தான் கதவு திறந்தது. இடுக்கு வழியே ஒரு கை வந்து தட்டை வாங்கிக்கொண்டது. அவள் அங்கேயே, காரில் சேலை படாமல், சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே பக்கம் புரளும் சத்தமும் சாப்பிடும் சத்தமும் கேட்டன.

"அம்மா, உப்பு பத்தல."

"நேத்து ஜாஸ்தின்னு சொன்ன."

"நேத்து ஜாஸ்தி. இன்னைக்குப் பத்தல."

"இரு, எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, வந்த வழியே பக்கவாட்டில் வெளியே வந்து, கார்களைக் கடந்து, தெருவில் இறங்கி, தன் வீட்டுக் கதவைத் திறந்து, அடுப்படியில் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இந்தத் தடவை காவலாளி எதுவும் கேட்காமலே கம்பைத் தூக்கினான்.